கடப்பாக்கத்து வாசகி

சரவணா,

வரும் ஞாயிற்றுக்கிழமை நாம் கடப்பாக்கம் போக வேண்டாம். வண்டிக்குச் சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. தாம்பூலத் தட்டில் உன் கல்யாணப் பத்திரிகையை வைத்து, போன வாரம் நாம் இருவரும் காஞ்சிபுரம் போய் எடுத்த மாம்பழ நிறப் புடவையையும் வைத்து, சரோஜா அம்மாவின் வாசலில் போய் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். "அம்மா இருந்திருந்தா அவங்களுக்குத்தானே மொதல் புடவை? அந்த எடத்துல இவங்கதான்ப்பா" என்று கடையில் எல்லோர் எதிரிலும் சொன்னாய். அங்கே அப்படி ஒரு வாசல் கிடையாது. அப்படி ஓர் அம்மாவும் கிடையாது. உன் தொடர்கதைக்கு வாசகியாக வந்து, ஐந்து வருடமாக உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் கடப்பாக்கம் சரோஜா நான்தான். இதை உன் எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும் என்று நீ வந்திருந்த இரண்டு நாளும் பார்த்தேன். நீ போனில் பேசினாய், குளித்தாய், மண்டபத்துக்காரரைப் பார்க்கப் போனாய், சென்னைக்குக் கிளம்பிவிட்டாய். காபி ஆறுகிறது என்பதைத் தவிர நான் வேறு எதையும் சொல்லவில்லை. ஆகையால் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் சொல்கிறேன்.

நான் கடிதம் எழுதுகிறவன் என்பது உனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். வாரப் பத்திரிகைகளில் வாசகர் கடிதப் பக்கத்தில் என் பெயரும் பக்கத்தில் செங்கல்பட்டு என்ற ஊர்ப் பெயரும் வராத மாதம் இருந்ததில்லை. சிறுகதை நன்றாக இருந்தால் பாராட்டி ஒரு கார்டு, அட்டைப்படம் முகம் சுளிக்கவைத்தால் கண்டித்து ஒரு கார்டு. ஆபீஸ் பஸ்ஸில் கல்பாக்கம் போகும்போதே மனதுக்குள் எழுதிவிடுவேன், ஸ்டோர்ஸ் பிரிவில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கார்டில் ஏறிவிடும். அச்சில் வந்ததைக் கத்தரித்து ஒரு ஃபைலில் ஒட்டிவைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் பையன்கள் உன்னை "போஸ்ட் கார்டு புள்ள" என்று கூப்பிட்டதாக நீ அழுதுகொண்டு வந்த அன்று, உன் அம்மா சிரித்துக்கொண்டே, "ஊருக்கெல்லாம் பதில் போடுறாரு உங்கப்பா. நான் கூப்பிட்டா மட்டும் 'உம்'னு ஒரு சத்தம். நானும் ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாதான் உண்டு" என்றாள். அவள் கேலி செய்ததாக நினைத்து நானும் சிரித்தேன். அது கேலி மட்டுமில்லை என்று புரிய எனக்கு ரொம்ப வருடம் ஆயிற்று.

நீ படிப்பை முடித்த வருடம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் எல்லாம் ஆள் எடுப்பதை நிறுத்தியிருந்தன. திருவல்லிக்கேணியில் நாலு பேரோடு ஒரு மேன்ஷன் அறையில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்தால் நமக்குப் பேச மூன்று விஷயம்தான்: சாப்பாடு, பஸ், தண்ணீர் வந்ததா. அப்போதுதான் ஒரு வாரப் பத்திரிகையில் "மாயக்கலைக் கல்லூரி" என்று ஒரு தொடர் தொடங்கியது. எழுதியவர் பெயர் புதுப் பெயர். மகாபலிபுரம் ரோட்டில் வரிசையாக முளைத்த இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு நடுவில் யார் கண்ணுக்கும் படாமல் ஒரு மந்திரக் கல்லூரி, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் தடம் எண் இல்லாமல் வந்து நிற்கும் ஒரு கல்லூரி பஸ், கூடுவிட்டுக் கூடு பாயும் பாடத்தில் அரியர் வைத்த சீனியர்கள், விடுதியில் தானாகச் சுட்டுக்கொள்ளும் தோசை. எனக்கு இந்த மாதிரிச் சரக்கு ஒத்துக்கொள்ளாது. கிண்டலாக ஒரு கார்டு போடலாம் என்றுதான் படிக்க உட்கார்ந்தேன். இரண்டாவது வாரத்தில் கதாநாயகன் செழியனின் நினைவில் அவன் அம்மா குக்கர் விசிலை எண்ணுகிறாள். முதல் விசிலுக்கு "லாபம்" என்கிறாள், அப்புறம் ரெண்டு, மூணு. நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்பார்கள். குக்கருக்கு லாபம் சொன்ன பெண்பிள்ளை இந்தத் தமிழ்நாட்டில் ஒருத்திதான், உன் அம்மா. புனைபெயரில் எழுதுகிறவன் நீதான் என்று தெரிந்துவிட்டது. பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு ஆபீஸ் பஸ்ஸில் நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் கண்ணில் தூசியா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

அந்தக் கதையில் செழியனுக்கு அம்மா இல்லை, இறந்துவிட்டாள். அப்பா இருக்கிறார், ஆனால் அவருக்கு வசனமே இல்லை. வருகிறார், செருப்பைக் கழற்றுகிறார், எதையோ படிக்கிறார், விளக்கை அணைக்கிறார். நான் யார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. கோபம் வந்தது என்று சொன்னால் நீ நம்புவாய். கோபத்தைவிட பயம்தான் அதிகம் வந்தது. தொடர் எப்படி நடக்கும், எப்படி நிற்கும் என்பது எனக்குத் தெரியும். புது எழுத்தாளர் என்றால் பத்து வாரம் விட்டுப் பார்ப்பார்கள், வாசகர் கடிதம் வராவிட்டால் "அடுத்த இதழில் முடியும்" என்று போட்டுவிடுவார்கள். உன் கதைக்கு வந்த கடிதங்களும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. "இது பெரியவர்கள் படிக்கும் பத்திரிகை, அம்புலிமாமா கதை எதற்கு?" என்று மதுரையிலிருந்து ஒருவர். "இருபது வருடமாக அந்த ரோட்டில் கண்டக்டராக இருக்கிறேன், அப்படி ஒரு கல்லூரி ஸ்டாப்பிங் கிடையாது" என்று ஒருவர். திண்டிவனத்திலிருந்து ஒரு தகப்பனார் தன் பையனுக்கு பிளஸ் டூவில் மார்க் குறைவு என்றும், உங்கள் கல்லூரியில் சேர விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்றும் கேட்டிருந்தார். அவர் கிண்டல் செய்தாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வேலையும் கிடைக்காமல், இந்தக் கதையும் நின்றுபோனால் நீ என்ன ஆவாய் என்று யோசித்தேன். உன்னிடம் வந்து "நல்லா எழுதியிருக்கேடா" என்று சொல்லியிருக்கலாம். ஐந்து வார்த்தைகூட இல்லை, இரண்டுதான். அதைச் சொல்லத் தெரியாதவன் என்ன செய்தேன் தெரியுமா? சனிக்கிழமைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ் ஏறினேன். கோவளத்தில் இறங்கி எஸ். காதர் என்ற பெயரில் ஒரு கார்டு போட்டேன், அதே தபால்பெட்டியில் ஆரோக்கியமேரி என்ற பெயரில் இன்னொன்று. நெம்மேலியில் இறங்கி தணிகாசலம் ஆனேன். மகாபலிபுரத்தில் நான் ஒரு கல்லூரி மாணவி. ஊருக்கு ஒரு முத்திரை விழ வேண்டும், கார்டுக்குக் கார்டு மை நிறம் மாற வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். என் எழுத்து உனக்குத் தெரியுமே என்றால், சின்ன வயதில் நான் இடது கைக்காரன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடித்து வலது கைக்கு மாற்றினார். இடது கையால் எழுதினால் இப்போதும் வேறு யாரோ எழுதின மாதிரி உருண்டையாக வரும். அந்தப் பத்து வாரம் தாண்டியது. பாதி என்னால், பாதி உண்மையாகவே வந்த வாசகர்களால். கதை சூடு பிடித்த பிறகு காதரையும் தணிகாசலத்தையும் நான் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் எழுதியவர்கள் எல்லாரும் உன் வாசகர்கள், சத்தியமாகச் சொல்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைபடம் போட்டு அனுப்பினார்களே, அது என் வேலையில்லை, எனக்குப் படம் வராது.

சரோஜாவையும் அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். அவள் மட்டும் கார்டில் அடங்கவில்லை. செழியன் மழையில் அந்த எண் இல்லாத பஸ்ஸுக்கு நிற்கும் வாரம், எல்லாரும் பஸ் எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது என்று கேட்டு எழுதினார்கள். சரோஜா, "பிள்ளை தலையைத் துவட்டிக்கொண்டானா, விடுதியில் ரசமாவது சூடாகக் கிடைத்ததா என்று நீங்கள் எழுதவே இல்லையே" என்று ஓர் இன்லண்ட் லெட்டர் முழுக்க எழுதினாள். இன்லண்ட் லெட்டரில் அனுப்புநர் விலாசத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. முப்பது வருடம் ஸ்டோர்ஸில் படிவம் நிரப்பியவனுக்குக் காலிக் கட்டத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. என்னோடு வேலை பார்த்தவரின் தம்பி ஏகாம்பரம் கடப்பாக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். அந்தக் கடையின் விலாசத்தை எழுதிவிட்டேன். அந்த ஒரு கட்டத்தால்தான் இவ்வளவும். பத்திரிகை ஆபீஸ் கடிதத்தை உனக்கு அனுப்பியது, நீ உடனே பதில் எழுதினாய்.

உன் முதல் கடிதத்தை வாங்கப் போனபோது ஏகாம்பரம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா சார் இது? லெட்டரு பொம்பள பேர்ல கீது, நீ வந்து வாங்கினு போற. வூட்ல தெரியுமா?" என்றார். வீட்டில் தெரிவதற்கு யாரும் இல்லை, அவள் போய் எட்டு வருடம் ஆயிற்று என்றேன். "அய்ய, மன்ச்சிக்கோ சார், தெரியாம கேட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தார். விஷயம் முழுவதையும் சொன்ன பிறகு, "பெத்த புள்ளகிட்ட பேசறதுக்கு இம்மாந்தூரம் பஸ் ஏறி வரியா? நல்லா கீது போ!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பஸ் ஸ்டாப் பெஞ்சில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் பிரித்தேன். "நீங்கள் எழுதுவதைப் படித்தால் என் அம்மா பேசுவது போல் இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். எப்படி இல்லாமல் இருக்கும்? பதினாறு வருடம் அவள் பேசியதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் எல்லாம் வந்தது. அவள் சொலவடை, அவள் கோபம், ஒரு விஷயத்தை ஆரம்பித்து இன்னொன்றில் முடிக்கிற அவள் பழக்கம் எல்லாம் வந்தது. இடது கையால் எழுதும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதுகிற மாதிரிதான் எனக்கு இருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் இந்த வீடு காலியாக இல்லை. அதை விட மனசு வரவில்லை, அதுதான் உண்மை.

நீ அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாய். வேலை கிடைக்காத அவமானம், ரூமில் யாரோ கேட்ட கேள்வி, பின்னால் உன் ஆபீசில் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்பது வரை. எனக்கு மருமகள் வரப்போகிறாள் என்பது, நீ என்னிடம் சொல்வதற்கு ஒரு வருடம் முன்பே எனக்குத் தெரியும். நீ தயங்கித் தயங்கிச் சொன்ன அன்று நான் ஆச்சரியப்பட்ட மாதிரி நடித்தேன், நன்றாகவே நடித்தேன். ஒரு தடவை சரோஜா உன்னிடம், "செழியனின் அப்பாவுக்கு ஏன் ஒரு வசனம்கூட இல்லை? பாவம், அவருக்கும் பேச வாய் இருக்குமே" என்று கேட்டாள். துணிச்சல்தான். அதற்கு நீ, "நிஜத்திலும் அவருக்கு வசனம் கிடையாது அம்மா. இல்லாததை எப்படி எழுதுவது?" என்று பதில் போட்டாய். கடப்பாக்கத்திலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வீட்டுக்கு வந்து உனக்கு போன் செய்து ஏதாவது பேச வேண்டும் என்று நினைத்தேன். ரூமில் யாரோ எடுத்து உன்னைக் கூப்பிட்டார்கள். "சாப்டியா?" என்று கேட்டேன். "ம்" என்றாய். வைத்துவிட்டேன்.

இப்போது சொல்லப்போவதைத்தான் இவ்வளவு நேரம் தள்ளிக்கொண்டு வருகிறேன். உன் கதை முடிகிற சமயம், அந்தக் கல்லூரியின் கடைசிப் பரீட்சையில் ஒவ்வொரு மாணவனும் இறந்துபோன ஒருவரை வரவழைத்துப் பேசலாம் என்று எழுதியிருந்தாய். ஓர் ஊதுபத்தி எரிந்து முடிகிற வரை நேரம். வாசகர்கள் கட்சி கட்டிக்கொண்டு எழுதினார்கள், செழியனின் அம்மாவைக் கொண்டுவாருங்கள் என்று. கொண்டுவராவிட்டால் பத்திரிகையையே நிறுத்திவிடுவேன் என்று சேலத்துப் பெண்மணி ஒருவர் மிரட்டினார். நீ சரோஜாவைக் கேட்டாய்: "நீங்கள் சொல்லுங்கள் அம்மா, அவள் வரட்டுமா? வந்தால் செழியனிடம் என்ன சொல்வாள்?" மூன்று வாரம் நான் பதில் எழுதவில்லை. பிறகு, "வேண்டாம், போனவர்களைக் கூப்பிடக் கூடாது, அவர்களுக்கு வலிக்கும்" என்று எழுதினேன். அது உன் நன்மைக்காகச் சொன்னதில்லை. அவள் வந்தால் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும், அதனால் சொன்னேன்.

உன் அம்மாவுக்கு நெஞ்சு வலித்த சாயங்காலம் நீ டியூஷனில் இருந்தாய். "நெஞ்செல்லாம் கனமா இருக்குங்க" என்றாள். நான் ஒரு கார்டு எழுதிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு தொடர்கதையில் ஏதோ ஒரு தப்பைக் கண்டுபிடித்திருந்தேன். "இதோ, ரெண்டு வரி" என்றேன். ரெண்டு வரியை முடித்தேன். "ஒண்ணுமில்ல, நீங்க போய்ட்டு வாங்க, வாய்வா இருக்கும்" என்றாள். நானும் அதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டு, ரயில்வே ஸ்டேஷன் தபால்பெட்டியில் போட்டால் அன்றைக்கே போய்விடும் என்று நடந்தே போனேன். அங்கே தெரிந்தவர் ஒருவர் இருந்தார், நின்று பேசினேன். திரும்பி வந்தபோது வீடு திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மறுநாள் போய்விட்டாள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தாலும் சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் சொன்னார், பெரிய மனசுக்காரர். ரெண்டு வாரம் கழித்து அந்தக் கடிதம் பத்திரிகையில் வந்தது, என் பெயரோடு, ஊரோடு. அதை நான் கத்தரிக்கவில்லை. இது உனக்குத் தெரியுமா தெரியாதா என்று பதிமூன்று வருடமாக உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். தெரிந்துதான் நீ என்னோடு பேசவில்லை என்று சில நாள் தோன்றும். நான் பேசாததால்தான் நீயும் பேசவில்லை என்று சில நாள் தோன்றும். எப்படியானாலும் உன் கதையில் வாசல் வரை வந்தவளைத் திருப்பி அனுப்பியவன் நான்தான்.

நீ சரோஜா சொன்னதைக் கேட்டாய். செழியன் ஊதுபத்தியைப் பற்றவைக்காமலே பரீட்சை அறையைவிட்டு எழுந்து வந்து, பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறான். அப்பா கதவைத் திறக்கிறார். "சாப்டியா?" என்று கேட்கிறார். கதை முடிந்தது. முப்பத்திரண்டு வாரக் கதையில் அவருக்கு அந்த ஒரு வசனம்தான். சப்பென்று முடித்துவிட்டார் என்று வாசகர்கள் திட்டித் தீர்த்தார்கள். சேலத்து அம்மா சொன்னபடி பத்திரிகையை நிறுத்தினாரோ என்னவோ. எனக்கு அந்த முடிவைப் போல ஒரு முடிவு எந்தக் கதையிலும் கிடைத்ததில்லை. அன்றைக்காவது என் சொந்தப் பெயரில் ஒரு கார்டு போட்டிருக்கலாம். சரோஜாதான் பாராட்டினாள்.

கதை முடிந்தும் கடிதம் நிற்கவில்லை. உனக்குப் பழைய மகாபலிபுரம் ரோட்டில் கண்ணாடிக் கட்டடத்தில் வேலை கிடைத்தது. நேரில் வருகிறேன் என்று நீ கேட்டபோதெல்லாம், வீட்டுக்காரர் கப்பலில் இருக்கிறார், மாமியார் கண்டிப்பானவர் என்று சரோஜா சாக்கு சொன்னாள். பிறகு சுனாமி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ எனக்கு போன் செய்தாய். "அப்பா, நீங்க நல்லாதான இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, மூச்சுவிடாமல், "கடப்பாக்கம் பக்கம் எப்படி இருக்காம்? உங்களுக்கு யாராவது தெரியுமா?" என்றாய். உன் குரல் நடுங்கியது. எனக்காக நடுங்கவில்லை. நான் உண்டாக்கின ஒரு பொம்பளையின் மேல் எனக்கு அன்றைக்குப் பொறாமை வந்தது, இதைவிட வெட்கக்கேடு ஒருவனுக்கு வேண்டுமா? பைக்கை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கே வந்துவிட்டாய். அப்போதுதான் முதல் தடவையாக அவளைப் பற்றி என்னிடம் சொன்னாய், வாசகி என்றாய், அம்மா மாதிரி என்றாய். நீ போக வேண்டாம், ரோடு சரியில்லை, நான் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். ஏகாம்பரத்தின் கடைக்குள் மணல் ஏறிக் கிடந்தது. அவர் உயிரோடு இருந்தார், ஆனால் அவர் மச்சானின் படகும் மச்சானும் இல்லை. "சார், உன் சரோஜாவுக்கு இதான் சமயம். கடல்ல போய்ட்டான்னு சொல்லிடு, பேஜாரு வுட்டுச்சு" என்றார். நானும் வருகிற வழியில் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் தெருவெல்லாம் நிஜமாகவே செத்தவர்களுக்காக அழுதுகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் என் பொய்யையும் ஒரு பிணமாகக் கிடத்த எனக்குக் கை வரவில்லை.

"நல்லா இருக்காங்க. உறவுக்காரங்க வீட்டுக்குப் போயிருக்காங்களாம்" என்று வந்து உன்னிடம் சொன்னேன். அதுவரை எழுத்தில் மட்டும் பொய் சொன்னவன் அன்றைக்கு வாயாலும் சொன்னேன். நீ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாய். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன நாளுக்குப் பிறகு நீ என்னைத் தொட்டது அன்றுதான். அந்தத் தொடுகைக்காகவே இன்னும் ஒன்றரை வருடம் சரோஜாவை உயிரோடு வைத்திருந்தேன். தப்புதான். உன்னை ஏமாற்றினேன். எழுதத் தெரிந்த உன் கையை நான் கேலிப்பொருளாக்கிவிட்டேனோ என்றுதான் இப்போது பயமாக இருக்கிறது. அதை மட்டும் அப்படி நினைக்காதே. சரோஜா பொய், ஆனால் அவள் உன் கதையைப் படித்தது பொய்யில்லை. ஒவ்வொரு வாரமும் கடைக்காரர் கட்டைப் பிரிப்பதற்கு முன் போய் நின்று, முதல் பிரதியை வாங்கிப் படித்தவன் நான்.

கல்யாணம் ஆகி மூன்றாம் வாரம் நீங்கள் இருவரும் அமெரிக்காவுக்கு விமானம் ஏறப் போகிறீர்கள். புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். உன் மனைவி "ஒண்ணுமில்ல" என்று சொன்னால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தரம் கேள். அப்போதும் ஒண்ணுமில்லை என்றால் பக்கத்தில் போய் உட்கார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும், அதுவும் தாமதமாகத் தெரிந்தது. அந்தப் புடவையைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அம்மா இடத்தில் உன் சித்தி உன் பக்கத்தில் நிற்கட்டும், புடவையை உன் அம்மா படத்துக்கு முன்னால் வை. மாம்பழ நிறம் அவளுக்குத்தான் பிடிக்கும், கடையில் நான் அதைக் காட்டியது அதனால்தான். மணவறையில் எனக்கு இடம் கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம். மண்டபத்தில் பின் வரிசையில் உட்காரச் சொன்னாலும் வருவேன்.

போன சனிக்கிழமை ஏகாம்பரம் ஒரு கவரை என்னிடம் கொடுத்தார். "தடியா கீது சார், கல்யாண சேதி போல" என்றார். சரோஜா அம்மாவுக்கு நீ எழுதியது. இதுவரை உன் கடிதம் எதையும் நான் பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் பிரிக்காமல் கொண்டுவந்ததில்லை. இதைப் பிரிக்கவில்லை. மூன்று நாள் மேஜை மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆசை இல்லாமல் இல்லை. இது அவளுக்கு வந்தது, அவள் இல்லை, ஆகையால் அனுப்பியவருக்கே திருப்புகிறேன். ஒட்டியது ஒட்டியபடி இத்துடன் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

உனக்கு இருபத்தேழு வயது ஆகிறது. இதுவரை என் பெயருக்கு நீ ஒரு கடிதமும் எழுதியதில்லை. ஒன்று எழுது சரவணா. திட்டி எழுதினாலும் சரி, என் பெயருக்கு எழுது.

அப்பா